உடையாத கோடு

பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று மெக்கானிக் தாகிர் சொன்ன நொடியிலிருந்து மருதாசலத்துக்கு அந்தப் பன்னிரண்டின் மேலேயே சந்தேகம். ஏன் பன்னிரண்டு? சாயங்காலம் நான்கு என்றால் ஆகாதா? பொள்ளாச்சியிலிருந்து ஒரு தோப்புக்காரர் வருகிறாராம். மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் ஜப்பான் என்ஜினை அவரும் கேட்கிறாராம். மருதாசலம் வேண்டாமென்றால் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாராம். தோப்புக்காரருக்குப் பெயர் இல்லை. கேட்டதற்கு, "நம்ம பொள்ளாச்சிக்காரருங்ணா" என்றான் தாகிர், ஊரில் ஒரே ஒரு ஆள்தான் குடியிருப்பதுபோல. முப்பத்தோரு வருஷம் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரச்சோதனை பார்த்தவர் மருதாசலம். பெயரும் நம்பரும் இல்லாத எந்தச் சாமானையும் அவர் வாசலைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. இப்போது உக்கடம் லாரிப்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் தாகிரின் பட்டறையில், தன் பழைய கான்டெஸா காரின் ஓட்டுநர் இருக்கையில், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். மணி பத்து ஐம்பது. நாளைக்கு வண்டியை எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும். வைத்துக்கொண்டாலும் சரி, விற்றாலும் சரி, அந்தச் சான்று இல்லாமல் முடியாது. அதனால் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்று தாகிர் அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு முன்னால் போய் நின்றிருந்தான். என்ஜின் அணைந்திருந்தது. சாவி மட்டும் ஒரு திருகு திரும்பியிருந்தது.

"ஹெட்லைட் போடுங்ணா."

போட்டார். தாகிரின் வயிற்றில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் விழுந்தன. நாற்பத்தைந்து வயசுக்கு அது கொஞ்சம் பெரிய வயிறுதான். சம்பாதிக்கிறான் என்று அர்த்தம். யாரிடம் சம்பாதிக்கிறான் என்பதுதான் கேள்வி. பத்து வருஷமாக இதே தாகிர், வண்டியின் நீண்ட மூக்கைத் தடவிக்கொண்டே, "இந்த ஒடம்புக்கு இந்த என்ஜின் பத்தாதுங்ணா, பயில்வானுக்குப் பால்புட்டி குடுத்த மாதிரி இருக்குது, ஒரு வாட்டி நல்ல என்ஜின் எறக்கிக் காட்டறேன் பாருங்க" என்று நச்சரித்தவன். ஐந்து கியர், பவர் ஸ்டியரிங், முன்னால் டிஸ்க் பிரேக் என்று சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கூடக் காட்டினான். அப்போதெல்லாம் மருதாசலம் தள்ளிப்போட்டார். இப்போது, தொண்டாமுத்தூர் ரோட்டில் ஒரு வேன்கூட ஒதுங்கி முந்திப்போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, சரி, இறக்கிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தபோது தாகிர் பின்வாங்கினான். "எதுக்குங்ணா இந்த வயசுல இதோட மல்லுக்கட்டிட்டு? புதுசா ஒரு ஆட்டோமேடிக் வாங்கிருங்க. ரெண்டே பெடல். முன்னாடி ஆள் வந்தா அதுவா நின்னுக்கும்." ஒரு மெக்கானிக் தன் கைக்கு வரும் வேலையை வேண்டாம் என்கிறான். கசாப்புக்கடைக்காரர் கீரை சாப்பிடுங்கள் என்று சொல்வதுபோல இருந்தது. அதற்கு இரண்டாம் நாள் ஒரு பெண்ணிடமிருந்து போன் வந்தது. "சார், ஷோரூம்ல இருந்து மோனிஷா பேசறேன், நீங்க ஆட்டோமேடிக் பாக்கறீங்கன்னு சொன்னாங்க." யார் சொன்னது? "ரெஃபரன்ஸ் சார்." அந்த ரெஃபரன்ஸின் வயிற்றில்தான் இப்போது இரண்டு மஞ்சள் வட்டங்கள்.

"டிம் பண்ணுங்க. சரி. லெஃப்ட்டு. ரைட்டு. ரெண்டும் ஓகேங்ணா. இருங்க, பின்னாடி போய்ப் பாக்கறேன்." இருங்க என்றால் இருக்க வேண்டியதுதான். பின்னால் எதையோ நகர்த்தும் சத்தம். கண்ணாடியில் பார்த்தார். காலி டிரம் ஒன்றைத் தாகிர் உருட்டி ஓரம் வைத்தான். வண்டிக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர், அதில் போன வருஷத்துக் காலண்டர். கமிஷன் வாங்கட்டும், அதில் கோபமில்லை, உலகம் அப்படித்தான். ஆனால் எப்போதிலிருந்து மாறினான் என்பதைப் பார்க்க வேண்டும். தேதி முக்கியம். எந்த ஷிப்டில் கோளாறு ஆரம்பித்தது என்று தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. தாகிர் மாறியது கேட் விஷயத்துக்கு அப்புறம். கேட் விஷயம் நடந்து இன்றைக்கு நாற்பத்திரண்டு நாள். அதற்குள் போக வேண்டாம் என்று மருதாசலம் நினைத்தார். நினைக்கும்போதே போய்விட்டார். சாயங்காலம் ஆறு மணி, ரேஷன் கடைத் திருப்பம், வீட்டு வாசல். ஹாரன் கேட்டு மனைவி சாந்தாமணி வந்து கேட்டின் ஒரு கதவைத் திறந்துவிட்டு, மற்றதன் தாழ்ப்பாளைத் தரையிலிருக்கும் குழியில் போடக் குனிந்திருந்தாள். வண்டி முதல் கியரில் மெல்ல ஏறியது. அவர் நிறுத்தினார். நிற்கவில்லை. நிற்காததோடு பாய்ந்தது. இடப்பக்கத் தூணில் பம்பர் இடித்து, பூந்தொட்டி உருண்டு, என்ஜின் விக்கி அணைந்தது. சாந்தாமணியின் இடுப்புக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அளக்கவில்லை, ஆனால் அளந்து பழகிய கண், ஒரு சாண்தான். அவள் நிமிர்வதற்கு முன்பே அவர் கத்தினார், "பிரேக் புடிக்கல!" அதைத்தான் முதலில் சொன்னார். உனக்கு ஒன்றும் ஆகலையே என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. இந்த வரிசை அவருக்குப் பிடிக்கவில்லை. நாற்பத்திரண்டு நாளாகப் பிடிக்கவில்லை.

"ஹாரன் அடிங்ணா!" அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார் போலிருக்கிறது. "போதும்ங்ணா, போதும்! பக்கத்துக் கடை பாய் டீயை மேல ஊத்திக்குவாரு." யாரோ தெருவிலிருந்து, "கல்யாண ஊர்கோலமா தாகிரு?" என்று கேட்டார்கள். மருதாசலம் கையை எடுத்தார்.

அன்றைக்கே தாகிர் ஸ்கூட்டரில் வந்து நின்றான். வண்டியைச் சுற்றி வந்தான், உள்ளே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான், இறங்கினான், மறுபடி உட்கார்ந்தான். பிறகு, இங்கேதான் மருதாசலத்தின் நினைவு ஆணியில் மாட்டிய வேட்டிபோல நின்றுவிடும், பிறகு அவனே வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். கணபதியில் இருக்கும் வீட்டிலிருந்து உக்கடம் வரை. காந்திபுரம் நெரிசலில், டவுன்ஹால் நெரிசலில். பிரேக் பிடிக்காத வண்டியை எவனாவது கட்டியிழுக்காமல் ஓட்டிக்கொண்டு போவானா? நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டான். சாந்தாமணி காப்பித் தம்ளரோடு பக்கத்தில் நின்றாள். "லைன்ல காத்துப் புகுந்துருந்துச்சுங்ணா. நாலு வீலையும் கழட்டி எடுத்துட்டேன். இனிப் பயமில்ல." எவ்வளவு என்று கேட்டதற்குக் கையை ஆட்டினான். "அட போங்ணா, காத்துக்கு ஒரு காசா?" சாந்தாமணி சிரித்தாள். மருதாசலமும் சிரித்தார். மறுநாள் காலையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். கம்பெனிக் காலத்துப் பழக்கம் ஒன்று அவருக்கு உண்டு. ஒரு திருகை முடுக்கியதும், திருகின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மெல்லிய தூரிகையால் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். யாராவது அப்புறம் திருகைத் தொட்டால் கோடு இரண்டாக உடைந்து நிற்கும். தொட்டதைச் சாமானே சொல்லிவிடும், ஆளைக் கேட்க வேண்டியதில்லை. கடைசி சர்வீஸ் முடிந்ததும் நான்கு சக்கரங்களின் நட்டிலும், பிரேக் காற்றை வெளியே விடும் நான்கு சின்னத் திருகிலும் கோடு போட்டிருந்தார். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கோடும் உடையவில்லை. சக்கரத்தைக் கழற்றவே இல்லை. காற்றை எடுக்கவே இல்லை. தாகிர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறான், செய்யாத வேலையைச் செய்தேன் என்று. பொய் சொல்லிவிட்டுக் காசும் வாங்கவில்லை. காசு வாங்கியிருந்தால் திருடன் என்று முடித்திருக்கலாம். காசு வாங்காத பொய்யை எந்தத் தட்டில் போடுவது?

கேட்டுவிடலாம்தான். நாற்பத்திரண்டு நாளில் ஐந்து தடவை கேட்க வந்தார். ஒவ்வொரு தடவையும் கேள்வி நாக்கு வரை வந்தது, கூடவே அதன் வால் பிடித்து இன்னொன்று வந்தது: அந்தச் சத்தம். தூணில் இடிப்பதற்கு முன் ஒரு உறுமல் கேட்டதே, அது எங்கிருந்து வந்தது? பிரேக் பிடிக்காத வண்டி உருளும், உறுமாது. எதிர்வீட்டில் போர்வெல் வண்டி நின்றிருக்கலாம். நிற்கவில்லை; போர்வெல் போட்டது அதற்கும் முந்தின மாதம். அப்படியானால் ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கியிருக்கும். கேபிள் சிக்கினால் அடுத்த நாளும் சிக்குமே. செருப்பு வழுக்கியிருக்கும். அன்றைக்குச் செருப்பா, ஷூவா? இப்படிப் போய்ப் போய் யோசனை ஓர் இடத்துக்கு வரும், அங்கே கதவு சாத்தியிருக்கும், திரும்பித் தாகிரின் கமிஷனுக்கே வந்துவிடுவார். அங்கே உட்கார நாற்காலி போட்டிருந்தது. சாந்தாமணியிடம் கேட்கலாமென்றால் அவளும் மாறிவிட்டாள். பல்பொடியிலிருந்து பஞ்சாயத்து எலெக்ஷன் வரைக்கும் கருத்துச் சொல்கிறவள், வண்டி விஷயத்தில் மட்டும், "உங்க இஷ்டமுங்க" என்கிறாள். இன்று காலையும் அதே. "என்ஜின் எறக்கவா, புதுசு பாக்கவா?" "உங்க இஷ்டமுங்க." "நீ ஒண்ணும் சொல்லலியே." "நான் என்ன கண்டேன், காரைப் பத்தி?" கண்டேன் என்ற வார்த்தையை அவள் ஏன் எடுத்தாள்? அன்றைக்கு அவள் என்ன கண்டாள்? குனிந்திருந்தவள் எதைக் கண்டிருக்க முடியும்? இப்போதெல்லாம் கேட்டைத் திறந்ததும் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறாள். முருங்கையில் பூ பறிக்கிற மாதிரி. பூவே இல்லாத முருங்கை.

"வைப்பருங்ணா. ... என்னுங்ணா, வைப்பர் போடச் சொன்னா யோசன பண்றீங்க? மழ வரட்டும்னு பாக்கறீங்களா?"

போட்டார். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கீச்சென்று தேய்ந்து போனது, வந்தது. அந்தக் கீச்சு பழைய ஒன்றை இழுத்துவந்தது. வேண்டாதது. ஒருதரம் ஒரு வாரம் முழுக்க சண்முகவடிவேல் என்ற டர்னர் கடைந்த ஷாப்ட் அத்தனையையும் மருதாசலம் தேறாது என்று தள்ளினார். அளவு சரியா என்று பார்க்கும் இரும்பு வளையத்தில் ஒன்றுகூட நுழையவில்லை. சண்முகவடிவேல் முதலில் கெஞ்சினான், அப்புறம் கத்தினான், "என் கையி இருவது வருஷமா கடையுதுங்க சார், ஒரே வாரத்துல மறந்துருமா?" மெமோ போனது. எட்டாம் நாள் வேறொரு வளையத்தை எடுத்துப் போட்டபோது எல்லா ஷாப்ட்டும் வெண்ணெய்போல நுழைந்தன. பழைய வளையம் எப்போதோ கீழே விழுந்து, கண்ணுக்குத் தெரியாமல் நசுங்கியிருந்தது. கீழே போட்டது யார் என்று மருதாசலத்துக்குத் தெரியும். மேஜை இழுப்பறையை இழுத்தபோது கணீரென்று விழுந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் வளையத்தை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்தார். மெமோவும் அப்படியே இருந்தது. இது எதற்கு இப்போது? தாகிர் பொய் சொன்னதைப் பற்றி அல்லவா யோசித்துக்கொண்டிருந்தோம். மணி பதினொன்று இருபது. இன்னும் நாற்பது நிமிஷம். தார்ப்பாய்க்கு அடியில் அந்த என்ஜின் இருக்கிறது. காலையில் தாகிர் பார்க்காத நேரம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். சுத்தமாக, கறுப்பாக, தூங்குகிற மிருகம்போல. அது மட்டும் இந்த மூக்குக்குள் இறங்கிவிட்டால் ஒரு வேன் முந்தாது. சிக்னலில் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போதும் பார்க்கிறார்கள், ஆனால் தாத்தாவைப் பார்ப்பதுபோல. தொட்டால் பாயும். பாயும் என்ற சொல் வந்ததும் வைப்பரை நிறுத்தினார். பாய்ந்துவிட்டுப் போகட்டும். டிஸ்க் பிரேக் போட்டால் நிற்கும். எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். பொள்ளாச்சிக்காரர் வேறு என்ஜின் தேடட்டும். தாகிர் முகம் எப்படிப் போகிறது பார்க்கலாம்.

"கடைசியா பிரேக்குங்ணா. மிதிங்க."

மிதித்தார். கண்ணாடியில் தாகிர் குனிந்து பார்ப்பது தெரிந்தது. "மிதிங்ணா." "மிதிச்சுட்டுத்தாம்ப்பா இருக்கேன்." தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் வந்தது, யாரோ "வரட்டும் வரட்டும்" என்றார்கள். மருதாசலம் இன்னும் அழுத்தினார். முழங்கால் கீழே போனது, போய்க்கொண்டே இருந்தது, தரை வரை போனது. அவருக்குள் ஏதோ துள்ளியது. பார்த்தாயா! மெத்தென்று போகிறது. லைனில் காற்று. அன்றைக்கும் இப்படித்தான் போயிருக்கும். காற்று இருந்தது, நான் சொன்னது சரி, இவன் எடுக்கவில்லை, கோடு உடையவில்லை, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. நாற்பத்திரண்டு நாளாகச் சுமந்த ஒன்று தோளிலிருந்து இறங்கிய மாதிரி இருந்தது. சொல்லிவிட வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து தாகிரின் குரல் வந்தது, நிதானமாக, கொஞ்சம் அதிகமாகவே நிதானமாக. "சரி விடுங்ணா. பல்பு போயிருக்குது. ரெண்டும். நான் மாத்திக்கறேன்."

ரெண்டுமா? இரண்டு பல்பு ஒரே நாளில் சேர்ந்து போகாது. ஃபியூஸ் போயிருக்க வேண்டும், அல்லது ஒயர். தாகிருக்கு அது தெரியாதா? தெரிந்தவன் ஏன் மூடியைக்கூடத் திறக்காமல் பல்பு என்கிறான்? அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோம். லைன்ல காத்துப் புகுந்துருந்துச்சுங்ணா. அதே குரல், அதே நிதானம். பொய் சொல்கிறான். இந்த நிமிஷம், என் முதுகுக்குப் பின்னால், மறுபடி பொய் சொல்கிறான் என்று மருதாசலம் நினைத்தார். ஏன் என்று கண்டுபிடித்தே தீருவதென்று, ஃபியூஸ் பெட்டியைப் பார்க்க ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தார். குனிந்தவர் தன் காலைப் பார்த்தார். பழுப்பு ஷூ, கட்டிய நாடா, தன்னுடைய வலது கால். அது ஆக்சிலேட்டரின் மேல் இருந்தது. தரையோடு தரையாக அதை அழுத்திக்கொண்டிருந்தது. பிரேக் பெடல் பக்கத்தில் சும்மா நின்றது. காலை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அது யாருடைய காலோபோல அங்கே இருந்தது. மேலே இருந்தவருக்கு இன்னமும் அது பிரேக்கில் இருப்பதாகத்தான் தெரிந்தது. கண் மட்டும் இல்லை என்றது. போன தை மாதம் சர்க்கரை டாக்டர் உள்ளங்காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய நைலான் குச்சியை வைத்து வைத்து, "தெரியுதுங்களா? இப்ப?" என்று கேட்டார். கண்ணை மூடச் சொல்லியிருந்தார். மருதாசலம் முழுக்க மூடவில்லை. டாக்டரின் கை இறங்கும்போதெல்லாம், "தெரியுதுங்க" என்றார். பத்துக்குப் பத்து. அளக்காமல் ஒரு சாமானை அவர் பாஸ் பண்ணியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

காலைக் கையால் தூக்குவதுபோலக் கவனித்துத் தூக்கினார். இடப்பக்கம் கொண்டுவந்தார். கண்ணால் பார்த்துக்கொண்டே பிரேக்கின் மேல் வைத்து மிதித்தார். பெடல் கல்போல நின்றது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். சுண்ணாம்புச் சுவர் சிவந்திருந்தது, காலண்டரோடு, தாகிரின் சட்டையோடு. தாகிர் அசையவில்லை. "எரியுதா?" என்று கேட்டார் மருதாசலம். "எரியுதுங்ணா." "ரெண்டுமா?" "ரெண்டும்."

தாகிர் நடந்து ஜன்னல் பக்கம் வந்தான். கையைத் துணியில் துடைத்தான். கையில் அழுக்கு இல்லை. "தாகிரு, அன்னிக்கு நீ வீலைக் கழட்டவே இல்ல." "இல்லீங்ணா." "பிரேக்ல ஒண்ணுமே இல்ல." "நல்லா இருந்துச்சுங்ணா. அதான் ஓட்டிட்டே வந்தேன்." "அப்பறம் எதுக்கு அப்படிச் சொன்ன?" தாகிர் மேற்கூரையைப் பார்த்தான். "அக்கா பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. அவங்க முன்னாடி உங்கள எப்படிங்ணா..." பிறகு தானாகவே, "அந்த மோனிஷா புள்ளைக்கு நம்பர் குடுத்ததும் நாந்தான். திட்டறதுன்னாத் திட்டிக்குங்க. இந்த என்ஜினை எறக்கி உங்க கையில குடுத்துட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வருமாங்ணா?" என்றான். திட்டுவதற்கு மருதாசலம் ஒரு சொல்லைத் தேடினார். நாற்பத்திரண்டு நாளாகச் சேர்த்துவைத்த அத்தனை சொல்லும் இவனுக்கென்று அளந்து கடைந்தவை. ஒன்றுகூட இப்போது நுழையவில்லை. "அக்காவுக்குத் தெரியுமா?" "நான் சொல்லலீங்ணா." "பொள்ளாச்சிக்காரரு பேரென்ன?" "ராமராஜுங்ணா. ஏன்?" "அவருக்கே குடுத்துரு." தாகிர் தலையாட்டினான். "அப்ப, அந்த ஆட்டோமேடிக்..." "பெடலு மூணுல இருந்து ரெண்டானா, காலுக்கு எது எதுன்னு தெரிஞ்சிருமா?" அதைத் தாகிரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. முதலில் அந்த டாக்டரிடம் போய்க் கண்ணை ஒழுங்காக மூட வேண்டும். அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது.

கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. இங்கிருந்து மூக்கு இன்னும் நீளமாகத் தெரிந்தது. சாந்தாமணிக்கு எப்போதும் இப்படித்தான் தெரிந்திருக்கும். போனை எடுத்தார். எப்படிச் சொல்வது? சர்க்கரையிலிருந்து ஆரம்பித்தால் இரக்கப்படுவாள், அது தப்பிப்பது. தாகிரிலிருந்து ஆரம்பித்தால் தாகிர் பொய்யனாவான், அதுவும் தப்பிப்பது. ஷூ, நரம்பு, வயசு, எல்லாமே நல்ல நல்ல கதவுகள். நம்பரை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் குக்கர் சத்தம், ஏதோ தாளிக்கும் சத்தம்.

"ஏனுங்க, முடிவு பண்ணிட்டீங்களா?"

"சாந்தாமணி, அன்னிக்குப் பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பிரேக்கை மிதிக்கல. ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டேன்."

குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு, "இருங்க, அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்" என்றாள். போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு குமிழ் திரும்பியது, இன்னொரு குமிழ் திரும்பியது, தாளிப்பு நின்றது. சமையலறை முழுக்க அமைதியானது. வெறுங்காலில் அவள் திரும்ப நடந்து வருவது கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.